பகலில் விளக்கெரிந்தால் பொறுக்காதவர்

சாலையில் போகிற வண்டிகளுக்கெல்லாம் தன்னைக் காவலாக யாரோ நியமித்துவிட்டார்கள் என்று நம்பும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. பட்டப்பகலில் எதிரே வருகிற வண்டியில் விளக்கெரிந்தால் இவர்களுக்குச் சோறு இறங்காது. ஐந்து விரல்களையும் விரித்து, குவித்து, மறுபடி விரித்து, கைக்குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதுபோல் காட்டுவார்கள். எதிராளி அணைத்துவிட்டால் அன்றைய தேசத்தொண்டு முடிந்தது. அணைக்காவிட்டால்? திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்த் தங்கள் வண்டியைப் பள்ளத்தில் விடுவார்கள்.

நல்ல மாதிரி வேண்டுமென்றால் ஆரம்பாக்கம் தணிகாசலத்தைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி வரைக்கும் அவர் கை காட்டாத வண்டி கிடையாது. இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர், ஆந்திராவுக்குத் திரும்பும் மீன் வண்டி, ஒருமுறை மாலை போட்ட சாவு வண்டி. இப்போதைய பைக்குகளில் விளக்கு தானாக எரியும், அணைக்கப் பொத்தானே கிடையாது என்று எத்தனையோ பேர் சொல்லியாயிற்று. "எரியுற ஒன்ன அணைக்க முடியாதாமா? இன்னா பேச்சு இது" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் புது மினி லாரி வாங்கினார். சாவியைத் திருப்பினார். முன்னால் இரண்டு வெள்ளை விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. எதிரே வருகிறவன் கண்ணில் வண்டி படவேண்டும் என்று கம்பெனிக்காரன் வைத்த பகல் விளக்கு. அணைக்கப் பொத்தான் இல்லை.

இனி கேட்கவேண்டுமா? தினமும் அவர் ரோசம்மாளின் சமையற்கூடத்திலிருந்து இருநூறு பேருக்கான மதியச் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு சிப்காட் தொழிற்சாலைக்குப் போகவேண்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதும். அதற்குள் சோறு உள்ளே போனால் வாடகை உண்டு; புது வண்டியின் தவணையே அந்த வாடகையை நம்பித்தான். அந்த வழி முழுக்க ஊரே அவருக்குக் கை காட்டியது. ஆட்டோக்காரன் காட்டினான், பள்ளிக்கூட வேனிலிருந்து பிள்ளைகள் காட்டின, ஆடு மேய்க்கிறவர் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் காட்டினார். ஆயுள் முழுக்க அவர் விதைத்த விரல்கள்.

நான்காம் நாள் மெக்கானிக் லோகுவிடம் போய் நின்றார். அது எரியவேண்டிய விளக்கு என்று லோகு எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கடைசியில் பேஜாரு தாங்காமல், கைபிரேக்கை 'டிக்' என்று ஒரு பல் தூக்கினால் விளக்கு தானே அணைந்துவிடும், நிற்கும்போது செய்து பாரும் நைனா என்று சொல்லிவைத்தான்.

நிற்கும்போது என்ற சொல் மட்டும் தணிகாசலத்தின் காதில் ஏறவில்லை. ஒரு பல் போதும் என்றால் ஒன்றோடு நிற்கிறவரா அவர்? பந்தோபஸ்துக்கு இரண்டு பல் தூக்கினார். வெளியே விளக்கு அணைந்தது. உள்ளே டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அது ஊர் பார்க்கிற விளக்கல்லவே. கறுப்பு டேப்பை ஒட்டி அதையும் மறைத்தார்.

மறுநாள் ஆரம்பாக்கம் தாண்டும்வரை ஒரு விரல்கூட அவரை நோக்கி விரியவில்லை. என்ன நிம்மதி. வண்டி இழுக்க மறுத்தது. சாம்பார் கனம் என்று நினைத்துக்கொண்டார். ஏதோ தீய்ந்த வாடை வந்தது. ரோசம்மாள் கூட்டைக் கருகவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். எளாவூர் நெருங்கும்போது மறுபடி கை காட்ட ஆரம்பித்தார்கள். பழக்கதோஷம், பாவம் என்று சிரித்து, அணைத்தாயிற்று என்று எல்லோருக்கும் ஜாடை காட்டினார். பைக்கில் ஒருவன் பக்கத்திலேயே ஓட்டிவந்து பின்சக்கரத்தைக் காட்டினான். அவனுக்கும் ஒரு சலாம் வைத்தார்.

வண்டி தானாகவே நின்றது. பின்னால், கைபிரேக் கவ்விய சக்கரங்களில் ஒரே புகை. பைக்கில் வந்தவன் இறங்கி வந்தான்.

"எத்தினி பேர் கை காட்டினோம். பாத்துகினே சிரிக்கிற. பொகையப் பாத்து சாமி வண்டின்னு நெனைச்சி ஒருத்தன் கும்பிட்டுப் போறான்யா."

இரண்டு ஷேர் ஆட்டோக்களில் அண்டாக்களை மாற்றி ஏற்றி, சாம்பாரில் பாதியைச் சாலைக்குப் படைத்து, ஒன்றேகாலுக்குத் தொழிற்சாலை வாசலை அடைந்தார்கள். இருநூறு பேர் தட்டோடு நின்றார்கள். தகவல் தெரிந்து ரயிலில் முந்தி வந்திருந்த ரோசம்மாள் அண்டாக்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"நாளைலேர்ந்து வேற வண்டி பாத்துக்கிறேண்ணே. நீ ரோட்டப் பாத்து ஓட்டுற ஆள் இல்ல. அடுத்தவன் லைட்டப் பாத்து ஓட்டுற ஆள்."

ஒரு மாத வாடகையாவது கொடும்மா, தவணை இருக்கிறது என்று கெஞ்ச வாயெடுத்த தணிகாசலம், ரோசம்மாளின் தோளுக்கு மேல் பார்த்தார். சோறு ஏற்றிவந்த ஷேர் ஆட்டோ வெயிலில் நின்றது. முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கெஞ்ச வந்தது மறந்துபோயிற்று. வலது கை மெல்ல எழுந்தது. விரிந்தது, குவிந்தது, விரிந்தது.

ரோசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அண்டாவைத் தூக்கப் போய்விட்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒரு சந்தேகம். அந்த ஆட்டோவின் விளக்கை அதற்கப்புறம் யாராவது அணைத்தார்களா என்றுதானே இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்?