கார்பன் அண்ணாச்சியின் மூணு காப்பி

மஸ்கட் முழுக்க வலை போட்டுத் தேடினாலும் கார்பன் அண்ணாச்சியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்க மாட்டார். லிப்டில் ஏற மாட்டார், அறுந்துவிடுமாம். மாடிப்படியிலும் சுவரோரமாகத்தான் ஏறுவார், இடிந்துவிடுமாம். மீன் வாங்கினால், செத்துவிட்டதா என்று கடைக்காரரிடம் ரெண்டு தரம் கேட்பார். அப்படிப்பட்ட மனுஷர்தான் ஒருநாள் கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கினார்!

எழுபதுகளில், மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் ஒரு பெரிய கட்டடக் கம்பெனியில் அவர் டைப்பிஸ்ட். எதை அடித்தாலும் கார்பன் தாள் வைத்து மூணு காப்பி எடுப்பார். ஊரில் இருக்கும் மனைவிக்குக் கடிதம் அடித்தாலும் அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டால் சொல்வார்:

"அனுப்புனது தொலைஞ்சு போச்சுன்னா என்ன செய்ய, தங்கச்சி? என்ன எழுதுனோம்னு நமக்கே மறந்துருமே."

"அன்புள்ள மனைவிக்குன்னு எழுதுனதுமா மறக்கும், அண்ணாச்சி?"

"அதுதான் மொதல்ல மறக்கும்."

லேபர் ஆபீஸ் வாசலில் ஒருத்தர் குடைக்குக் கீழே டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பார். மனு அடிக்க வருகிறவர்கள் எல்லாம் அவரை "சாப், சாப்" என்று கெஞ்சுவார்கள். அவருக்கு மேனேஜரே கிடையாது. அதைப் பார்த்துப் பார்த்து அண்ணாச்சிக்கு ரெண்டு வருஷமாக ஏக்கம். ஒருநாள் காலையில் எங்கிருந்தோ தைரியம் வந்து, ராஜினாமா கடிதம் அடித்து, வெள்ளைக்கார மேனேஜர் மேசையில் வைத்துவிட்டார்.

அந்தத் தைரியம் கால் மணி நேரம்கூடத் தங்கவில்லை. மேனேஜர் எழுந்து வெளியே போன சமயம் பார்த்து உள்ளே புகுந்து கடிதத்தை எடுத்தார். கிழித்தால் சத்தம் கேட்குமே? வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டார்.

மத்தியானம், கம்பெனி ரூம்களைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் வந்து நிற்கிறான். "பாய், ரூம் எப்போ காலி?"

கைப்பழக்கம்! மூணு காப்பியில் ஒன்றை அவரே பெர்சனல் டிபார்ட்மெண்டுக்கும், இன்னொன்றைக் கேம்ப் ஆபீசுக்கும் அனுப்பியிருக்கிறார். மூணாவது அவர் பைலில். மென்றது மேனேஜர் கடிதத்தை மட்டும்.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு இருபது நாள் கெடு கொடுத்தார். அதற்குள் பொறுப்பேற்க ஒரு உள்ளூர்க்காரர், அதாவது கபீல், கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். கபீல் இல்லாமல் தொழில் செய்து மாட்டினால் ஜெயில்.

பெட்டியும் டைப்ரைட்டருமாக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். கம்பெனி கொடுத்த வீட்டில் வெளியாளைத் தங்க வைக்கக் கூடாது. தெரிந்தால் அண்ணாச்சியின் விமானத்தில் எங்களுக்கும் ரெண்டு சீட்டு.

காலையில் லேபர் ஆபீஸ் சுவரோரம் நின்று ஆள் பிடிப்பார். எங்கள் வீட்டுக்கு வந்து அடிப்பார். டைப் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று நான் உரலில் வத்தல் இடிக்கும் நேரம் பார்த்துத்தான் அடிப்பார். அந்த இருபது நாளில் ரூவித் தமிழர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டு மிளகாய்ப் பொடிதான்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு பல் பிரஷ்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"ஜெயில்ல பல்லு தேய்க்க வேண்டாமா?"

கதவு தட்டினால் போதும், பெட்டியோடு பாத்ரூமுக்குள் புகுந்துவிடுவார். ஒருநாள் கேஸ் சிலிண்டர்காரன் வந்தான். "யாரு?" என்று நான் வாசலைப் பார்த்துக் கேட்கிறேன், பாத்ரூமிலிருந்து பதில் வருகிறது: "இங்க யாரும் இல்ல!" நான் சிரித்தேனே தவிர, சிலிண்டர்காரன் தெரு முனை தாண்டும்வரை ஜன்னலை விட்டு நகரவில்லை.

"யாராவது அரபிகிட்டக் கேளுங்க அண்ணாச்சி. நாள் போகுதுல்லா?"

"கேட்டாக் கோவிச்சுக்கிடுவாங்களோன்னு இருக்கு, தங்கச்சி."

பதினெட்டாவது நாள். லீவு எடுத்திருந்ததால் என் வீட்டுக்காரரும் துணைக்குப் போயிருந்தார். தண்ணீர் லாரி வைத்திருந்த ஒரு கிழ ஓமானி, கைத்தடியைத் தரையில் குத்திக்கொண்டு கத்தியபடி வந்தாராம். ஒரு கம்பெனியில் தண்ணீர் லாரி கான்டிராக்ட் கேட்டு அண்ணாச்சி அடித்துக் கொடுத்த கடிதத்தை அவர் போன வாரம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். தன்னை உதைக்கத்தான் வருகிறார் என்று அண்ணாச்சி நடுங்கி, கையிலிருந்த பெட்டியைத் திறந்து கார்பன் காப்பியை நீட்டியிருக்கிறார். கிழவர் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நேராக அண்ணாச்சியிடமே வந்தார். காப்பியைக் காட்டியதும் கான்டிராக்ட் அவருக்கே கிடைத்துவிட்டதாம்.

"உன் கபீல் யார்?"

அண்ணாச்சி, விசாரணை வந்துவிட்டது என்று நினைத்து, பல் பிரஷைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக எழுந்து நின்றுவிட்டார்.

"மாஃபி கபீல்?" கபீல் இல்லையா என்கிறார்.

"மாஃபி..." என்று அழுதேவிட்டார்.

கிழவர் தன் நெஞ்சில் தட்டி, "அனா கபீல். கலாஸ்!" என்றார். இனி நான்தான் உன் கபீல், பேச்சு முடிந்தது.

அந்த வாரமே அண்ணாச்சி தனி ரூம் பார்த்துப் போனார். மறந்துவிட்டுப் போன சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் நாலாக மடித்த இங்கிலீஷ் கடிதம், கூடவே மூணு காப்பி. நான் படித்தது மூணாங்கிளாஸ். யாரைப் பற்றி என்ன புகாரோ என்று பதறிப் போய் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார்.

'போலீஸ் ஐயா அவர்களுக்கு. இந்த வீட்டார் ஒன்றும் அறியாதவர்கள். இவர்களுக்குத் தெரியாமல் நான்தான் பூட்டை உடைத்து உள்ளே தங்கினேன். தண்டனை எனக்கு மட்டும்.'

தேதியைப் பார்த்தால், எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே அடித்திருக்கிறார். மீன் செத்துவிட்டதா என்று கேட்கிற மனுஷர் பூட்டை உடைத்தாராம்! கீழே போட்டிருந்த கையெழுத்தில் மட்டும் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

சட்டையைத் தேய்த்து, கடிதத்தைப் பழையபடி பைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். காப்பி ரெண்டுதான் வைத்தேன். இன்னொன்றை நானே எடுத்துக்கொண்டேன். தொலைந்து போய்விட்டால் என்ன செய்ய?