பாவம் கழுவிய செம்பு அண்டா

யாராவது ஒரு குடம் ஊதாத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினால், எங்கே போகிறீர்கள் என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் ஓடியது தெளிநீர்ச் சாமியின் கூடாரத்துக்குத்தான். முடவர் ஓடினார். பணக்காரர் ஓடினார். நேற்றுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத பங்காளிகள்கூட ஒரே குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அற்புதம் இதுதான் என்று சாமி சொல்லியிருந்தால் நாமும் ஒப்புக்கொண்டிருக்கலாம்.

ஊரின் மேட்டில் ஒரு சாயப்பட்டறை. பள்ளத்தில் கிணறுகள். பட்டறைக் கழிவு ஓடையில் இறங்கிக் கிணறுகளில் ஊறியது. தண்ணீர் ஏன் இப்படி என்று பால்குடி மறக்காத குழந்தையைக் கேட்டிருந்தாலும் மேட்டைக் கைகாட்டியிருக்கும். ஊர் சாமியைக் கேட்டது. சாமி வானத்தைக் கைகாட்டினார்.

"வீட்டுக்குள்ள இருக்கிற பாவந்தான் கிணத்துல சாயமா இறங்குது!"

பட்டறையில் நீலச் சாயம் காய்ச்சிய வாரம் பாவமும் நீலமாகவே இறங்கியது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

கூடாரத்தின் நடுவில் ஆளுயரச் செம்பு அண்டா, மேலே துளைகள் போட்ட மூடி, அடியில் குழாய். பக்தர் கொண்டுவந்த தண்ணீரைச் சாமி மேலே ஊற்றுவார். கண்ணை மூடி முணுமுணுப்பார். குழாயைத் திருகினால் பளிங்குபோலத் தண்ணீர் வரும். கூட்டம் "ஆ!" என்று வாயைப் பிளக்கும். காணிக்கைத் தட்டும் வாயைப் பிளக்கும்.

சிலருக்கு மட்டும் ஊதா ஊதாவாகவே வந்துவிடும். அவர்கள் வீட்டில் தோஷம் என்று அர்த்தம். அதற்குத் தனிக் காணிக்கை.

அப்படி ஊதா வாங்கி வந்தவர்களில் ஒருவர், சலவைக்கடை அக்காவின் அம்மா. அக்கா கடையைத் தானே நடத்துகிறவர். குரல் கொஞ்சம் பெரிது. வெள்ளைச் சட்டை கொடுத்தவர்கள் ஊதாச் சட்டை வாங்கிப்போக ஆரம்பித்ததிலிருந்து அந்தக் குரல் இன்னும் பெரிதாகியிருந்தது. கடையின் பின்கட்டில் அம்மா, தம்பி, தம்பி மனைவி எல்லோரும் ஒன்றாகக் குடியிருந்தார்கள்.

"வீட்டுக்குப் புதுசா வந்தவ யாருன்னு சாமி கேட்டாரு. மருமகள்னேன். அவதான் தோஷம்னு பட்டுனு சொல்லிட்டாரு! எப்படித்தான் கண்டுபிடிச்சாரோ!" என்றார் அம்மா.

"நீதானேம்மா சொல்லிக் குடுத்திருக்கே" என்றார் அக்கா.

"அவள அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பினாத்தான் கிணறு தெளியுமாம்."

உள்ளே தம்பி மனைவி துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் ஒன்றுமில்லை.

"ஏம்மா, இவ வர்றதுக்கு முன்னாடி நம்ம கிணறு என்ன பன்னீராவா இருந்துச்சு? அப்பவும் ஊதாதானே?"

"இவ வரப்போறான்னு கிணத்துக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்!"

இதற்குமேல் அம்மாவிடம் வாதாட முடியாது என்று அக்காவுக்குப் புரிந்தது. "பெட்டிய மூடாதே. ரெண்டு நாள் பொறு" என்று தம்பி மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டுக் கூடாரத்தில் போய் உட்கார்ந்தார். காலையில் முதலாவதாக வந்தவர் எடைக்கல்லைக் குடைந்து வைத்து வியாபாரம் செய்யும் மளிகைக்காரர். அவருக்குத் தண்ணீர் கண்ணாடி! அடுத்து, இரண்டு தெருவில் இரண்டு குடும்பம் வைத்து இரண்டுக்கும் கணக்குச் சொல்லாதவர். அவருக்கும் கண்ணாடி. வெயில் ஏற ஏறத் தண்ணீர் மங்கியது. மத்தியானம் வந்தார், பாதி ஊரைத் தன் கையால் பிறக்க வைத்த மருத்துவச்சி. அவருக்கு அடர் ஊதா.

"பெரும் பாவம்!" என்றார் சாமி. மருத்துவச்சி அழுதுகொண்டே போனார்.

காலையில் வந்தவர்கள் எல்லாம் புண்ணியவான்கள், மத்தியானம் வந்தவர்கள் எல்லாம் பாவிகள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. 'பாவம் நம்மகிட்ட இல்ல. அண்டா எதையோ குடிச்சுக் குடிச்சு வயிறு ரொம்பிப் போவுது. ராத்திரியில யாரோ அதக் காலி பண்றாங்க' என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் வரிசையில் முதல் ஆளாகத் தம்பி மனைவி நின்றாள். கையில் அதே கிணற்றுத் தண்ணீர், அவளே இறைத்தது. சாமி அவளைப் பார்த்ததே கிடையாது. பின்னால் அக்காவும், தரதரவென்று இழுத்துவரப்பட்ட அம்மாவும்.

சாமி ஊற்றினார். முணுமுணுத்தார். திருகினார். பளிங்கு!

"பத்தரைமாத்துத் தங்கம்! இந்தப் பொண்ணு இருக்கிற வீட்ட பாவம் எட்டிக்கூடப் பாக்காது!"

"அப்படிங்களா சாமி? முந்தாநாள் எங்கம்மாகிட்ட வீட்ட விட்டுத் தொரத்தச் சொன்னீங்களே, அந்தத் தோஷக்காரி இவதான்" என்றார் அக்கா.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சாமி சமாளித்தார். "என் மந்திரம் அவ பாவத்த எரிச்சிடுச்சு!"

"அப்ப வேலை செய்யறது மந்திரந்தானா?"

"சந்தேகமா?"

"சந்தேகந்தான். நீங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டு நில்லுங்க. நான் ஊத்தறேன்."

"கூடாது!"

"ஊத்தட்டும்யா!" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வெடித்தது. மருத்துவச்சி! அவர் பிறக்கவைத்த பாதி ஊரும் சேர்ந்து "ஊத்தட்டும்!" என்றது.

அக்கா குடத்தைச் சாய்த்தார். சாமியைப் போலவே கண்ணை மூடி ராகம்போட்டுச் சொன்னார்: "காலர் அழுக்குப் போகாது, கிழிஞ்ச துணிக்குப் பொறுப்பில்ல, பொத்தான் விழுந்தா கேக்காதே, கடன் சொன்னா துணியில்ல..." குழாயைத் திருகினார்.

சலவைக்கடை மந்திரத்துக்கும் தண்ணீர் பளிங்காகத்தான் வந்தது.

"மூடியத் தொறங்க."

"தொறந்தா கண்ணு அவிஞ்சிடும்!" சாமி அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஒரு கண்ண மூடிக்கிறேன். போனா ஒண்ணுதானே போவும்" என்று சொல்லி, அக்கா ஒற்றைக் கண்ணோடு மூடியைத் தூக்கினார். உள்ளே கையைவிட்டு இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கத்தை கத்தையாக வாழைநார். மேலே இருந்ததெல்லாம் ஊதா. அடியில் இருந்தது மட்டும் இன்னும் வெளுப்பாக இருந்தது.

வாழைத்தோட்டக்காரர் பாய்ந்து வந்தார். "இது எங்க தோட்டத்து மட்டையில உரிச்ச நாராச்சே! தார் வெட்டின மரத்துல பாவம் தங்கும், நான் எடுத்துட்டுப் போயிடறேன்னு அள்ளிட்டுப் போனானே! கும்பிட்டு வண்டியில நானே ஏத்திவிட்டேனே!"

அவர் பிடித்த பிடியில் சாமியின் தாடி கையோடு வந்துவிட்டது. தாடி போனதும் தைரியமும் போனது.

"என்ன மட்டும் ஏன் பிடிக்கிறீங்க? கூடாரம் போட்டுக் குடுத்ததே பட்டறை முதலாளி! நாரு சாயத்த உறிஞ்சும்னு சொல்லிக் குடுத்ததும் அவர்தான்! பட்டறையிலயே தொட்டி கட்டி நாரைப் போட்டா வீண்செலவாம். பாவம்னு சொல்லிட்டா யாரும் மேட்டுப்பக்கம் வரமாட்டாங்கன்னாரு!"

அப்புறம் கூட்டம் திரும்பியது. மேட்டை நோக்கி.

முதலாளிக்கு ஊதாத் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினார் மருத்துவச்சி. அவர் குடிக்கவில்லை. அன்றே தொட்டி கட்டச் சம்மதித்தார். பட்டறைக் கழிவு இப்போது நாருக்குள் புகுந்துதான் வெளியே வருகிறது. தோட்டக்காரர் மட்டையைக் கும்பிடாமல் விலைக்கு விற்கிறார். "தெளிஞ்சதெல்லாம் குடிக்கிற தண்ணி ஆயிடாது" என்று அக்கா போட்ட சத்தத்தில், சோதனை முடிந்து பதில் வரும்வரை குடிக்க லாரித் தண்ணீர் வருகிறது. அதுவும் முதலாளி செலவில்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா மருமகளின் பெட்டியைப் பிரிக்கப் போனார்.

"அது அப்படியே இருக்கட்டும் அத்தை. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். தொரத்தினதால இல்ல. எனக்கே போவணும்போல இருக்கு. எப்ப வரணும்னு எனக்கு எப்ப தோணுதோ, அப்ப வரேன்."

"நானும் வரட்டுமா?" என்றான் தம்பி.

"பெட்டியத் தூக்கத் தெம்பிருந்தா வா. பேசவும் தெம்பிருந்தா மட்டும் அங்க தங்கு."

தூக்கினான். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் தொட்டி கட்டி முடித்த வாரமே அதன் விளிம்பில் யாரோ மாலை போட்டார்கள். மளிகைக்காரர் நார்த்துண்டுகளைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டிக் கல்லாப் பக்கத்தில் விற்பனைக்குத் தொங்கவிட்டார். தொட்டியின் முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி ஒரு கூட்டம் நின்றது.

அக்கா மாலையைப் பிய்த்து எறிந்தார்.

"தொட்டியில நார் இருக்கணும், தலையில மூளை இருக்கணும். தயவுசெஞ்சு ரெண்டையும் இடம் மாத்தி வச்சிடாதீங்க!"