வடகிழக்கு மூலையில் ஒரு தாழ்ப்பாள்

டக்.

நான் சிறுவனாக இருந்தபோது, எதிர்வீட்டுப் பல் வைத்தியர் சாப்பிட்டு முடித்ததும் தன் அறைக்குள் போய்த் தாழிடும் சத்தம் அது. மழை நின்ற பிறகு ஓட்டிலிருந்து விழும் கடைசித் துளி போல இருக்கும். எங்கள் வீட்டில், ஜப்பானிய வழக்கப்படி, எல்லாம் இழுத்து மூடும் காகிதக் கதவுகள்; தாழ் கிடையாது. ஒரு மனிதன் தன் வீட்டிலேயே தனியாக இருக்கலாம் என்பதே எனக்கு அந்தச் சத்தத்தால்தான் தெரிந்தது.

ஐம்பது வயதில் நகோயாவில் ஒரு துண்டு நிலம் அகப்பட்டது. துண்டு என்றால் கைத்துண்டு. கூடவே ஒரு நிபந்தனை. நிலத்தை விற்கும் கம்பெனியே நம் விருப்பப்படி வீடு கட்டித் தரும். மூன்று மாதத்துக்குள் வரைபடத்தை முடிவுசெய்து ஒப்பந்தம் போடாவிட்டால் நிலம் போய்விடும். ‘நம் விருப்பம்’ என்பதில் நானும் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்காரர் கஷிவாகி வரையவரைய, என் மனைவி மிட்சுயோ நிரப்பிக்கொண்டே போனாள். தையல் மெஷினுக்கு ஓரிடம். துணி காயப்போட ஓரிடம்.

“எனக்கு ஒரு அறை?”

“எதுக்கு?”

“சும்மா உக்கார.”

“அறை இல்லாமலே அது உங்களுக்கு நல்லா வருதே.”

கெடு முடியும் வாரத்தில்தான் என் மூளை விழித்தது. நல்ல நாள் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ளாதவள் மிட்சுயோ.

“வடகிழக்கு மூலைல குளியலறை வரைஞ்சிருக்காரே. அது பேய் நுழையற வாசல்னு பெரியவங்க சொல்வாங்களே. அங்க தண்ணி புழங்கலாமா?”

அவள் முகம் வெளுத்தது. “வேற என்ன வைக்கறது?”

“அமைதியா ஒரு அறை. காவலுக்கு உள்ளயே ஒரு ஆள் இருக்கணும். தாழ்ப்பாளும் வேணும்.”

“தாழ்ப்பாள் எதுக்குங்க?”

“பேயைத் தடுக்கத்தான்.”

“யாரு காவல் இருக்கறது?”

பெருமூச்சு விட்டேன். “யாராவது தியாகம் பண்ணித்தானே ஆகணும்.”

குளியலறை தெற்கே போனது. தையல் மெஷினுக்கு இடமில்லாமல் போனது. மிட்சுயோ ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதிலாக என் முத்திரையை அழுத்திக் குத்தினேன்.

பூமி பூஜையன்று பூசாரி நாலு மூலையிலும் சாக்கே என்ற அரிசி மதுவைத் தெளித்துக்கொண்டு வந்தார். வடகிழக்கு மூலையில், கையில் மூட்டையோடு, கனஸாவாவிலிருந்து வந்த என் மாமியார் நின்றிருந்தார்.

“அத்தை எதுக்கு மூட்டையோட?”

“அம்மா இனிமே நம்மகூடத்தான். அந்த அறைல.”

“அது என்னோட...”

“பேய் பயப்படற ஆள் வேணாமா? எங்கம்மாவப் பாத்தா பேயே ஓடிடும்னு புத்தாண்டுக்குப் புத்தாண்டு குடிச்சிட்டுச் சொல்றது யாரு?”

சொல்லியிருந்தேன். ஒரு வருடம்கூட விடாமல்.

“வரைபடத்தை மாத்த முடியுமா?” என்று கஷிவாகியிடம் கிசுகிசுத்தேன்.

“கெடு முடிஞ்சிடுச்சே, ஐயா.” அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாழ்ப்பாள் பித்தளைதானே, மாப்பிள்ளை?” என்றார் மாமியார்.

பித்தளைதான். நானே தேடிப் பிடித்து வாங்கியது.

அவர் பல வருடம் அங்கே இருந்தார். பேய் வரவில்லை. தினமும் சாப்பாடு முடிந்ததும் அந்தச் சத்தம் கேட்கும். கூடத்துக் காகிதக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன இலையுதிர்காலத்தில் அவர் காலமானார். சடங்குகள் முடிந்ததும் மெதுவாக அறைப் பேச்சை எடுத்தேன்.

“உங்களப் பாத்து எந்தப் பேய்ங்க பயப்படும்?” என்றாள் மிட்சுயோ.

இப்போது அங்கே அவள் இருக்கிறாள், தையல் மெஷினோடு.