பஜ்ஜிக் காகிதமும் உள்ள அமைதியும்

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டைப் பார்க்கிற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மனக்கஷ்டம் மிகுந்துவிட்டதாகச் சுடர்மணி கான்ட்ராக்ட் கம்பெனி கண்டுபிடித்தது. இந்த வருஷம் போனஸ் கிடையாது என்று பேப்பரில் படித்ததிலிருந்து ஆட்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்கள். போனஸைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நீங்களும் நானும் நினைப்போம். மனிதவள அதிகாரி ராஜேந்திரன் படித்தவர். கோளாறு பேப்பரில்தான் என்று பிடித்துவிட்டார்.

உத்தரவு வந்தது: "ஊழியர்தம் உள்ள நலன் கருதி, எவரும் செய்தி படித்தலோ, பார்த்தலோ, கேட்டலோ கூடாது. மீறுவோர் பர்மனென்ட் ஆகும் தகுதியை இழப்பர்."

பெல்ட் ஆட்களில் ஒருவர் பரமசிவம். பர்மனென்ட் ஆகிற ஆசையிலேயே தலை நரைத்த மனுஷன். ஆனால் மந்தாரக்குப்பம் சின்னதுரை டீக்கடையில் தினமும் பேப்பரை உரக்க வாசிப்பவரும் அவர்தான். அவர் வாசிக்காவிட்டால் அங்கே யாருக்கும் டீ இறங்காது.

"பர்மனென்ட் வேணுமா, பேப்பர் வேணுமா? பேசாம வுட்டுடுங்க" என்றாள் அவர் மனைவி கமலா.

விட்டார். சின்னதுரையும் பேப்பர் வாங்குவதை நிறுத்தினார். ஆனால் பஜ்ஜி? அதை மடித்துக் கொடுப்பது எடைக்கு வாங்கின பழைய பேப்பரில்தானே! பரமசிவம் அதிகாரியிடமே போய்க் கேட்டார்.

"பழைய செய்தின்னா படிக்கலாமுங்களா சார்?"

"பழசுதான்யா ஆறின புண்ணைக் கிளறும். கண்ணை மூடிக்கிட்டுத் தின்னு."

அன்றிலிருந்து கடையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டே பஜ்ஜி தின்றார்கள். ரோட்டில் போகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு நாள் மிளகாய் பஜ்ஜி. காரம் உச்சிக்கு ஏறி, பரமசிவத்தின் கண் தானாகத் திறந்துகொண்டது. கையில், உத்தரவுக்கு அப்புறம் வந்த பேப்பரில், சுடர்மணி கம்பெனியின் விளம்பரம்! பர்மனென்ட் சூப்பர்வைசர் வேலை, பெல்ட் அனுபவம் போதும். கடைசித் தேதி எப்போதோ போய்விட்டது.

அந்த வேலையைப் பற்றிக் கேட்க அதிகாரியிடம் ஓடினார்.

"பேப்பர்ல போட்டோமே, பாக்கலையா?" என்றார் ராஜேந்திரன்.

"நீங்கதானே சார் படிக்கக் கூடாதுன்னீங்க?"

"ஒருத்தர் பாத்து அப்ளை பண்ணி, வேலையும் வாங்கிட்டாரே."

"யாருங்க?"

"என் மச்சான். அவன் அப்ப நம்ம ஊழியர் இல்ல, உத்தரவு அவனுக்குப் பொருந்தாது. அது கிடக்கட்டும், உனக்கு எப்படித் தெரியும்? கண்ணைத் திறந்துட்டியா?"

பரமசிவம் மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்னொரு வேலை வராமலா போய்விடும்?

"இல்லீங்க சார். எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

ராஜேந்திரன் பூரித்துப்போனார். அந்த வாரமே அத்தனை பேருக்கும் 'உள்ள அமைதிச் சான்றிதழ்' வழங்கப்பட்டது. நல்ல வழவழப்பான தாள்.

"இத்த வச்சிக்கினு என்னாங்க பண்றது?" என்றாள் கமலா.

சின்னதுரைக்குத் தெரிந்திருந்தது. எல்லோருடையதையும் வாங்கி அதிலேயே பஜ்ஜி வைத்துக் கொடுத்தார். எண்ணெய் ஊறவே இல்லை.

"எதையாவது படிங்கண்ணே, டீயே எறங்க மாட்டேங்குது" என்றான் கூட வேலை செய்யும் ஜெரால்டு.

பரமசிவம் கையிலிருந்ததை உரக்க வாசித்தார். "பரமசிவம் ஆகிய இவர் எச்செய்தியாலும் பாதிக்கப்படாதவர் எனச் சான்றளிக்கப்படுகிறது." பழக்கதோஷத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"அடுத்து என்னுதப் படிங்க."

"உன்னுதுலயும் இதேதான்டா இருக்கு."

"பரவால்லண்ணே, படிங்க. பேராவது மாறுதில்ல."