வெலிச்கோ பிடித்த நாரை

முட்டைக்கோஸ் இலைக்குள் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். பீப்பாயில் புளித்துக் கிடந்த கடைசி இலைகள் இவை. நடு நரம்பைச் சீவி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருட்டும்போது கிழியும். வேலை கைக்குத்தான், வாய்க்கு இல்லை. பானை நிறைவதற்குள் என் வீட்டுக்காரன் வெலிச்கோ நாரை பிடித்த கதையைச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

பிடித்தது கேமராவில்.

அந்தக் கேமரா வீட்டுக்கு வந்தது, மோட்டார் சைக்கிள் வீட்டை விட்டுப் போன அன்று. ஓட்டிக்கொண்டு போனவன், தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நடந்து வந்தான். சினேகிதனோடு மாற்றிக்கொண்டானாம்.

"பைக்கு நம்மள அடுத்த ஊருக்குத்தான் கூட்டிட்டுப் போகும் நேதா. இது உலகம் பூரா கூட்டிட்டுப் போகும்."

மருந்துக்கடை அடுத்த ஊரில்தான் இருக்கிறது. புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி நின்றான், சொல்ல மனசு வரவில்லை.

அன்றிலிருந்து வீட்டுச் சாமான் ஒவ்வொன்றும் கேமராவுக்கு வேலைக்காரன் ஆனது. நான் பனித்சா என்கிற பாலாடைக்கட்டி அப்பம் சுடுகிற தட்டை வெளிச்சத்தைத் திருப்பிவிட எடுத்துக்கொண்டான். நாங்கள் அந்த மாதம் பனித்சா சாப்பிடவில்லை. பிறகு முக்காலி வேண்டும் என்றான். மண்வெட்டி, களைக்கொத்து, வாரி மூன்றின் காம்பையும் கழற்றிக் கயிறு போட்டுக் கட்டினான். கேமரா ஆடாமல் அசையாமல் நின்றது. தோட்டமும் ஆடாமல் அசையாமல் அப்படியே கிடந்தது.

எனக்குக் கவலை அந்தத் தோட்டம்தான். ஜன்னலோரம் குடமிளகாய் நாற்று விரல் நீளம் வளர்ந்துவிட்டது. மண்ணைக் கொத்தினால்தான் நடலாம். நட்டால்தான் குளிர்காலத்துக்கு ஜாடி நிறையும். போன வருஷம் நானே கொத்தினேன். இந்த வருஷம் இடுப்பில் கைக்குழந்தை கலின். கையை விட்டால் அழுகிற வயசு.

"வெலிச்கோ, தோட்டம்."

"காலை வெளிச்சம் பொன்னு மாதிரி இருக்கு. இப்பப் போய் மண்ணக் கொத்துவாங்களா?"

மத்தியானம் கேட்டேன்.

"இப்பக் கொத்தினா சாயங்காலம் கை நடுங்கும். கை நடுங்கினா படம் ஆடும்."

"சரி, சாயங்காலம்?"

"சாயங்காலமும் பொன்னுதான்."

"அப்ப மண்ணுக்கு எப்பதான் நேரம்?"

"மேகம் போடட்டும் பாக்கலாம்."

மறுநாளே மேகம் போட்டது. மேகம் போட்டால் நிழல் மெத்தென்று விழுமாம். முகத்தைப் படம் எடுக்க அதைவிட நல்ல நேரமே கிடையாதாம். என்னையும் குழந்தையையும் ஜன்னலோரம் நிறுத்தினான்.

"லென்ஸுத் துளையப் பெரிசாத் திறந்து வச்சிருக்கேன். உன் முகம் மட்டும் தெளிவா விழும். பின்னாடி இருக்கிறது எல்லாம் மங்கிடும்."

"பின்னாடி கழுவாத பாத்திரம் இருக்கு."

"அதான் சொல்றேன், மங்கிடும்."

"படத்துல மங்கிடும். யார் கழுவுறது?"

"பேசாத, உதடு ஆடுது."

இப்படி இருக்கும்போது ஊர் வாசகசாலையில் ஒரு அறிவிப்பு வந்தது. வசந்தத்துக்குப் படக் கண்காட்சி. இந்த வருஷம் ஊருக்கு வரும் முதல் நாரையை யார் படம் எடுத்துக் கொண்டுவருகிறாரோ அவர் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டுவார்களாம். வெலிச்கோவுக்குத் தூக்கம் போயிற்று. எனக்குக் கலின் பிறந்தபோதே போய்விட்டது.

மார்ச் பிறந்ததும் எல்லோரையும் போல நாங்களும் கையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கயிறு கட்டியிருந்தோம். முதல் நாரையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவிழ்க்கலாம். அவரவர் பார்க்கிற முதல் நாரைதான் அவரவர் வருஷம். அது பறந்தால் வருஷம் முழுக்கக் கால் நிற்காது, ஓடி ஓடி வேலை. நின்றால் உட்கார்ந்த வருஷம். சோம்பல் தானாக வந்து ஏறும், யாரும் குறை சொல்லக் கூடாது. எங்கள் ஊர் டாக்டர்கூட இதை எதிர்த்துப் பேச மாட்டார். சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுச் சோன்கா அத்தையிடம் கேட்பார். நாரை விஷயத்தில் அவள்தான் கோர்ட்டு.

ஒரு காலை வெலிச்கோ முக்காலியோடு போனான். திரும்பி வரும்போது பென்ஷன் வாங்குகிறவர் மாதிரி மெல்ல மெல்ல நடந்து வந்தான். கயிறு கையில் இல்லை.

"பாத்துட்டேன் நேதா."

"பறந்துச்சா?"

"நின்னுச்சு. கரண்டுக் கம்பத்துக் கூட்டுல, ஒத்தக் கால்ல. நான் என்ன பண்ணட்டும், விதி." கட்டிலில் சாய்ந்தான்.

முட்டை கொடுக்க வந்திருந்த சோன்கா அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாவம் புள்ள. இனிமே இவன வேல வாங்காதடி நேதா. எங்க வீட்டுக்காரர் ஒரு வருஷம் நின்ன நாரையப் பாத்துட்டுக் கொத்தப் போனாரு. மண்வெட்டி அவர் கால்லயே விழுந்துச்சு. ஒரு வாரம் நான்தான் அவரத் தூக்கிச் சுமந்தேன்."

வெலிச்கோ படுத்தபடியே எங்கள் ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆமாம் என்றான்.

நாற்றைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. சண்டை போட எனக்கு வராது, குரல் உயர்ந்தால் எனக்கே கூச்சமாகிவிடும். அதனால் லிண்டன் பூப் போட்டுத் தேநீர் வைத்தேன். தேன் கலந்து அவனிடம் கொடுத்தேன்.

"எடுத்த படத்தக் காட்டேன்" என்றேன்.

நானாக அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. சோம்பல் பிடித்தவன் ஒரே துள்ளலில் எழுந்து உட்கார்ந்தான். அத்தையும் நாற்காலியை இழுத்துக்கொண்டாள்.

கேமராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் நாரை நின்றது. ஒற்றைக் கால்.

"நல்லாருக்கு" என்றேன். "கொஞ்சம் கோழி மாதிரி தெரியுது."

"என் வாத்துகூட இப்படி நிக்கும்" என்றாள் அத்தை.

வெலிச்கோவுக்கு முகம் சிவந்தது. "நின்னத யார் வேணா எடுப்பான். இதப் பாருங்க."

பின்னால் போகிற பொத்தானை அழுத்தினான். திரை முழுக்கச் சிறகு. சிவப்புக் கால் இரண்டும் பின்னால் நீட்டியிருக்கின்றன. ஒவ்வொரு இறகும் சீப்புப் போட்டு வாரியது மாதிரி தனித்தனி. நிஜமாகவே எனக்கு மூச்சு நின்றது.

"இது எப்படி ஆடாம விழுந்துச்சு?"

"அதுதான் வித்தை. ஆயிரத்துல ஒரு பங்கு நொடிதான் உள்ள இருக்கிற கதவு திறந்து மூடும். ஆனா அது பெரிசில்ல. அதுக்கு முன்னாடியே கண்ணு பறவையோட ஓடணும், கேமராவும் கூடவே திரும்பணும். பாப்ளர் மரத்துக்கு மேல புள்ளியா வந்தப்பவே பிடிச்சுட்டேன். கம்பத்துக்கு வர்ற வரைக்கும் விடல. கண்ணுகூடச் சிமிட்டல."

"புள்ளியா இருந்தப்பவேவா?"

"புள்ளியா இருந்தப்பவே."

"அப்புறம்தான் இறங்கி நின்னுச்சா?"

"ஆமா, அப்புறம்தான்..."

அடுப்பில் விறகு வெடித்தது. சோன்கா அத்தை கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எழுந்திருடா வெலிச்கோ."

"அத்தை, பொறுங்க. இதுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கு. பொத்தான அழுத்துறப்ப அது மேல தூக்கிக்கும். அப்ப கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, இருட்டு. பறந்ததப் பாத்தது கேமரா. நான் பாத்தது நின்னத."

அத்தை தாடையைத் தடவினாள். கண்ணாடிக்கு என்ன சட்டம் என்று அவளுக்கும் தெரியவில்லை. கோர்ட்டு சாய்கிறது.

"வெலிச்கோ சொல்றது சரியா இருக்கும் அத்தை" என்றேன் மெதுவாக. "ஆனா வாசகசாலைக்கு எதக் கொடுக்கிறது? பறக்கிறத அவன் பாக்கவே இல்லையே. அதுக்குக் கீழ அவன் பேரப் போட்டா பொய்யாயிடும். நிக்கிற கோழியையே கொடுத்துடலாம்."

"நாரை" என்றான் வெலிச்கோ.

"நாரையையே கொடுத்துடலாம்."

அவன் திரையைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். கட்டிலில் தலையணை உப்பலாக, அவன் தலைக்காகவே செய்தது மாதிரி கிடந்தது.

"கண்ணும் கொஞ்சம் பாத்திருக்கும்" என்றான்.

"கொஞ்சம்னா எவ்வளவுடா?" என்றாள் அத்தை.

"பாப்ளர்லேருந்து."

முக்காலியை அவனே அவிழ்த்து, காம்புகளை மண்வெட்டிக்கும் கொத்துக்கும் வாரிக்கும் திரும்பப் பொருத்தினான். அன்று மாலை, பொன் வெளிச்சத்தில், எங்கள் தோட்டத்தில் மண் புரண்டது.

படம் வாசகசாலை வாசலில் கதவு அளவுக்குத் தொங்குகிறது. கீழே என்ன எழுதுவது என்பதை அத்தையே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: "முதல் நாரை. பறக்கும்போதே பார்த்து எடுத்தவர் வெலிச்கோ." ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்த கூட்டம் அங்கே நின்றது. வெலிச்கோ துளை, நொடி, நீள லென்ஸ் எல்லாம் விளக்கத் தயாராகத் தலை வாரிக்கொண்டு போயிருந்தான். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அவன் காலையே பார்த்தார்கள். "பறந்ததப் பாத்த காலு, நம்ம தோட்டத்துலயும் ஒரு நாள் படட்டும்" என்று ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள். பாதிரியார் தன் திராட்சைத் தோட்டத்துக்கு முதலில் வரச் சொன்னார்.

இப்போது அத்தையின் தோட்டத்தில் கொத்துகிறான். கலின் கூடையில், அவன் பக்கத்தில். கேமரா வேலிக் குச்சியில் தொங்குகிறது. மண்புழுவை அவன் எடுத்த படம் நிஜமாகவே அழகு.

இன்னொன்று இருக்கிறது. அத்தைக்குக்கூட அது தெரியாது. அவன் படம் எடுத்ததற்கு முந்தின நாள், கலினின் துணியைக் கொடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். வாய்க்கால் ஓரத்தில் ஒரு நாரை. அவன் ஆசை கெட வேண்டாம் என்று என் கயிற்றை அவிழ்க்காமல் விட்டேன். அது பறக்கவில்லை. நின்றது. துணி காய்கிறவரை நின்றது. அப்படிப் பார்த்தால் முறைப்படி இந்த வருஷம் முழுக்க உட்கார வேண்டியது நான்தான், கையைக் கட்டிக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல்,

"நேதா, கலின் நனைச்சுட்டான், சீக்கிரம் வா."

இதோ வந்துட்டேன், இந்த ஒரு இலைய மட்டும்