ஆடி வெள்ளியில் வந்த மண் பார்சல்

சண்டிலிப்பாய்,
22.08.1974

அன்புள்ள தம்பி பரமலிங்கத்துக்கு,

அக்கா மகாதேவி எழுதுவது. பிள்ளையாரின் காவலில் நீயும் உன் மனைவி அற்புதராணியும் பேராதனையில் சுகமாயிருக்க வேண்டும். எங்கள் சுகத்தைக் கீழே எழுதுகிறேன். இருந்து வாசி.

பார்சல் வந்தது ஆடி மாதத்து இரண்டாம் வெள்ளி காலை. பிரித்தபோது நின்றவர்கள்: நான், உன் அத்தான் அருளம்பலம், அவரின் தங்கை நாகேஸ்வரி, வேலிக்கு அங்கால் தோட்டம் செய்கிற ஆழ்வாப்பிள்ளை அண்ணை, பார்சலைக் கொண்டுவந்த தபால்காரர் செபமாலை. ஐந்து பேர். புத்தியுள்ள ஆறாவது ஆள் ஒருவர் நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை.

உள்ளே வெள்ளைத் துணியில் முடிந்த மண், பால்பேணியால் அளந்தால் இரண்டு சுண்டு. கடிதம் இல்லை. நீங்கள் கதிர்காமத்து முருகனிடம் போவதாகப் போன மாதம்தான் எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமை, வெள்ளைத் துணி, மண். வேறு என்னத்தை நினைக்கிறது? முழுகிவிட்டு நின்ற நானே அதை வாங்கிச் சாமி அறையில் வைத்துக் கற்பூரம் கொளுத்தினேன். எல்லாரும் நெற்றியில் பூசினோம். செபமாலையும் தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, எனக்கும் ஒரு கிள்ளுத் தாங்கோ. என்ரை மனுசி மக்டலீனுக்கு முழங்கால் உளைவு. எங்கடை அந்தோனியார் ஒண்டும் சொல்லமாட்டார்."

கொடுத்தேன். பிறகு கோயிலடியிலும் ஒழுங்கையிலும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். கொப்பியில் பெயர் பெயராக இருக்கிறது, முப்பத்தொரு பேர். நாகேஸ்வரி வயிற்றுக் குத்துக்கென்று மூன்று நாள் வெறும் வயிற்றில் தண்ணீரில் கரைத்துக் குடித்தாள். திங்கட்கிழமை நாங்கள் வெங்காயம் நட்டோம்.

பன்னிரண்டாம் நாள் உன் கடிதம் வந்தது. நாலு தரம் வாசித்தேன். மண் பார்சல் அனுப்பிவிட்டாயாம். அது சோளச் செடியின் வேரை நறுக்கிக் கலந்த மண்ணாம். அதில் பங்கசு இருக்கிறதாம். பங்கசு என்றால் பழைய பாணில், ரொட்டியில் பிடிக்கிற பூஞ்சணத்தின் சாதி என்று விளங்க எனக்கு ஒரு பகல் பிடித்தது. நடும்போது ஒவ்வொரு வெங்காயத்தின் கீழும் ஒரு தேக்கரண்டி வைத்தால் அது வேருக்குள் புகுந்து, தலைமயிரிலும் மெல்லிய நூலை மண்ணுக்குள் தூரத் தூர ஓட்டி, வேர் எட்டாத இடத்துப் பொசுபரசை இழுத்துவந்து கொடுக்குமாம்; செடி அதற்குக் கூலியாகச் சீனி கொடுக்குமாம். உரம் தாராளமாகக் கிடைத்த காலத்தில் செடிகள் இந்தப் பங்கசை அண்டவிடவில்லையாம். அது எனக்கு உடனே விளங்கியது. சங்கக்கடையில் மூட்டை மூட்டையாக உரம் கிடைத்தபோது நாங்களும் ஒருத்தரையும் தேடவில்லைத்தானே. இப்போது உரம் கண்ணிலும் இல்லை. வெங்காயத் தாளெல்லாம் நுனி கருகி, ஊசி மாதிரி நிற்கிறது. வீட்டில் தூக்கிக் கட்டியிருந்த விதைவெங்காயம் முழுக்க நாங்கள் நட்ட மூன்று பரப்புக் காணிக்குள்தான். இது அழிந்தால் அடுத்த போகத்துக்கு நட ஒரு குமிழும் இல்லை. குத்தகைக் காணியை விட்டுவிட்டு உன் அத்தான் கொடிகாமம் சந்தையில் மூட்டை தூக்கப் போகிறாராம்.

கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"உன்ரை தம்பி பேராதனையிலை இருந்து மண் அனுப்புறான். எங்கடை காணியிலை பிறகென்ன, சீனியோ கிடக்கு?"

நாகேஸ்வரி கேட்டுக்கொண்டு நின்றாள். "ஐயோ மச்சாள், வயித்துக்குள்ளை நூல் ஓடுமோ?" என்று குழறி, உப்புத் தண்ணீர் குடித்துக் கிணற்றடியில் குடல் வெளியே வரச் சத்தி எடுத்தாள். என்னோடு இன்றுவரைக்கும் கதை பேச்சில்லை.

நான் என்ன செய்ய? கொப்பியை எடுத்துக்கொண்டு படலை படலையாகப் போய், "அது சாமி மண் இல்லை, பூஞ்சணம், மிச்சமிருந்தால் தாங்கோ" என்று கேட்டேன். தம்பி, அந்த வெட்கத்தை எழுத்தில் வைக்க ஏலாது. ஆழ்வாப்பிள்ளை அண்ணை படலையைத் திறக்கவே இல்லை.

"பிள்ளை, பூசின மண்ணைத் திருப்பித் தா எண்டு கேட்ட முதல் ஆள் நீதான். எனக்கு மூச்சிழுப்புக் குறைஞ்சிட்டுது. பூஞ்சணமெண்டாலும் நல்ல சாதிப் பூஞ்சணம். தரமாட்டன், போ."

மக்டலீன் மட்டும் போத்தலோடு தந்தாள். பத்தொன்பது பேரிடம் சேர்த்தது அரைச் சுண்டும் இல்லை. பிந்தினாலும் பரவாயில்லை என்று விரலால் வேரடியைக் கிளறி வைத்தேன். நாற்பத்தாறு வெங்காயத்துக்குத்தான் போதுமாயிருந்தது. மற்றதெல்லாம் கடவுள் விட்ட வழி. வைத்துப் பதினைந்து நாளாகிறது. அந்த நாற்பத்தாறும் மற்றவை போலத்தான் வாடுகிறது. கற்பூரச் சூட்டில் உன் பங்கசு செத்துப்போயிருக்கும். கொன்றது நான்தான். உன் விவசாயப் படிப்பையும் அவரின் தோட்டத்தையும் ஒரு கட்டிக் கற்பூரத்தில் முடித்துவிட்டேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி. நல்லூரான் உங்களையாவது கைவிடாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா மகாதேவி

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போக, செபமாலை இன்னொரு பார்சலோடு வந்து நிற்கிறார். உள்ளே மண், நறுக்கின வேர், அற்புதராணி எழுதின ஒரு துண்டுக் கடிதம். "மச்சாள், நான் அவசரத்தில் கடிதம் வைக்காமல் அனுப்பிய கதிர்காமத்து மண் கிடைத்ததா? இவர் தன் மண்ணை அனுப்பியாயிற்று என்று உங்களுக்கு எழுதிவிட்டு, பார்சலை மேசைக்குக் கீழே வைத்து மறந்துவிட்டார். இன்றுதான் கண்டெடுத்தேன்" என்று எழுதியிருக்கிறாள். முருகா! நான் முப்பத்தொரு பேருக்கு முன்னால் பூஞ்சணம் என்று சொன்னது உன் கதிர்காமத்து மண்ணையா? நாகேஸ்வரி சத்தி எடுத்தது அதையா? அந்த நாற்பத்தாறு வெங்காயத்துக்கு நடுவில் உன் அத்தான் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக் காறித் துப்புகிறார். எழும்புங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி, நட்டு இருபத்துநாலு நாளான வெங்காயத்தின் வேரில் உன் பங்கசு இனிப் பிடிக்குமோ, பிடிக்காதோ? உடனே பதில் போடு.