வெற்றுத்தாளில் நூற்று நாற்பத்திரண்டு கையெழுத்து

நாகமலைத் தோட்டம், மேற்பிரிவு,
கொஸ்லந்த.
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் தயாபரன் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர் கணபதி வணக்கத்துடன் எழுதுவது.

முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்காவும் எழும்பி நடமாடுகிறோம். பதுளையில் நீங்களும் பிள்ளைகளும் அதைவிட நன்றாக நடமாட வேண்டுகிறேன். மழை விடவில்லை. மகள் தனுஜா இரண்டு பிள்ளைகளோடும் நம் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. மாப்பிள்ளை ஜெயகுமாரோடு என்ன சண்டை என்று கேட்டால், "அவரு சரியாகட்டும்ப்பா, அப்புறம் போறேன்" என்பதோடு வாயை மூடிக்கொள்கிறாள். எது சரியாக வேண்டும் என்று சொல்வதில்லை. தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் பிள்ளைகளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறாளாம். உங்கள் அக்கா அழுதபடி இருக்கிறார். இந்தக் கவலை போதாதென்று தலையில் இன்னொரு இடி விழுந்திருக்கிறது. அதற்காகவே பேனாவை எடுத்தேன்.

போன வாரம் தோட்டத்து டிஸ்பென்சரி சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் படித்தேன். காமத்துக்கு அடிமையானவர்களுக்கு அரசாங்கச் செலவில் சிகிச்சையாம்! பதுளையில் வியாழக்கிழமைதோறும் கிளினிக்காம். மக்கள் ஆதரவு இருந்தால் தொடர்வார்களாம், மாதத்துக்கு ஒருநாள் தோட்டங்களுக்கும் வருவார்களாம், அபிப்பிராயங்களை எழுத்தில் நீங்கள் வேலை பார்க்கும் சுகாதார அலுவலகத்துக்கே அனுப்ப வேண்டுமாம். மச்சான், நியாயத்தைக் கேளுங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கக் காலையில் போய் வரிசையில் நின்றால், பின்னேரம் "மருந்து முடிஞ்சிருச்சு, வெளியில வாங்கிக்கங்க" என்று துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். என் சீனிக்கு இல்லாத மருந்து இன்னொருவனுடைய சபலத்துக்கு இருக்கிறதா? இதை நோய் என்றால் சீட்டு விளையாடுவதும் நோய், வேலைக்குப் பிந்தி வருவதும் நோய். நான் முப்பத்தோரு வருஷம் பேர் பதிந்தது தொழிலாளரை அல்ல, நோயாளிகளை என்றாகிவிடும்.

அந்தக் கிளினிக்கை மூடச் சொல்லி உடனே மனு எழுத இறங்கினேன். தோட்டத்து முறை உங்களுக்குத் தெரியும். முதலில் வெற்றுத்தாளில் கையெழுத்து, பிறகுதான் கடிதம். காலைப் பெரட்டில் பேர் பதிய எல்லோரும் கூடி நிற்கும்போது தாள்களை நீட்டினேன். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த விஷயத்தைப் பெண்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று நானும் வாயைத் திறக்கவில்லை. கருப்பம்மா மட்டும், "எதுக்குன்னாலும் இருக்கட்டும் கிளாக்கரய்யா, லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தப் பத்தியும் ஒரு வரி சேத்து எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒருதரம் கையெழுத்தும் இன்னொருதரம் பெருவிரலும் வைத்தாள். மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு. முதல் கையெழுத்து என்னுடையது.

மனுவைக் காரசாரமாக எழுத வேண்டுமென்றால் எதிரியை நேரில் பார்க்க வேண்டாமா? போன வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறிப் பதுளைக்குப் போனேன். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். வாசலில் இருந்தவர் நம்பர் இல்லாமல் விடமாட்டேன் என்றார். நம்பர் கேட்டேன், நோயாளிக்கான கிளினிக் கொப்பி இல்லாமல் தரமாட்டேன் என்றார். சரி, கொப்பியைத் தா என்றேன். என் பேர், வயது, தோட்டம் எல்லாம் எழுதி, நம்பர் பதினேழு என்று ஒரு துண்டையும் செருகிக் கொடுத்துவிட்டார். உள்ளே டாக்டர் வதனி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நம் தனுஜாவின் வயதுதான் இருக்கும். நான் கொப்பியை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பயப்பிடாதேங்கோ ஐயா. எவ்வளவு காலமா இருக்கு?"

"எனக்கில்லீங்கம்மா! நான் இத எதிர்க்க வந்தவன்!"

"முதல்நாள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை" என்று அந்தப் பிள்ளை எழுதத் தொடங்கிவிட்டது. நான் மேசையில் தட்டி, வெட்கங்கெட்ட ஆசைக்கெல்லாம் அரசாங்கம் செலவழிப்பதா என்று கேட்டேன். அது கோபப்படவில்லை.

"ஆசை வேற, வருத்தம் வேற ஐயா. வேலை போய், குடும்பம் குலைஞ்சு, விடவேணும் எண்டு அழுதும் விட ஏலாமல் நிண்டா அது வருத்தம், நோய். குடிக்கு அரசாங்கம் வைத்தியம் பாக்குதுதானே? அதுக்கும் மனு எழுதினனீங்களோ?"

மச்சான், தொண்ணூற்றெட்டில் என்னைத் தூக்கிப்போய் அரசாங்க வார்டில் படுக்கவைத்தது நீங்கள்தான். அது வேறு விஷயம். அதை இங்கே இழுக்க வேண்டாம். நான் எழும்பி வந்துவிட்டேன்.

அதோடு முடிந்ததா? திரும்பி வரும் பஸ்ஸில், கிளினிக் பேர் பெரிதாகப் போட்ட கொப்பி கைதவறி விழுந்தது. எடுத்துத் தந்தவள் கருப்பம்மாவின் மகள். நான் மலையேறி வீட்டுக்கு வருவதற்குள் செய்தி லயம் முழுக்கப் போய்விட்டது. உங்கள் அக்கா வாசலில் நின்று, "இந்த வயசுலயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சோறு மேசையில் இருக்கிறது, அக்கா அடுப்படியில் இருக்கிறார். கோயில் கமிட்டியில் இருந்து ஒருவர் வந்து, கொஞ்ச நாளைக்குக் திருவிழாவுக்குக் காவடி எடுக்கும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வேறு யாராவது பார்க்கட்டுமே என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மானம் கப்பலேறிவிட்டது மச்சான். ஆகவே இதோடு வரும் மனுவை மேலதிகாரியின் கையில் கொடுத்து, அந்தக் கிளினிக்கை இழுத்து மூடப் பண்ணுங்கள். வியாழக்கிழமை நானும் போய்க் கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, என் பேரை வெட்டச் சொல்லிவிட்டுத் தபாலில் போடுகிறேன்.

உங்கள் வீட்டில் நெல்லும் சொல்லும் குறையாதிருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
அவமானத்தில் இருக்கும் அத்தான்,
கணபதி.

பி.கு. (வெள்ளிக்கிழமை): மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நேற்றுக் கொப்பியோடு போனேன். பெஞ்சில் தலையைக் குனிந்தபடி நம் ஜெயகுமார் இருந்தார். என்னையும் பார்த்தார், என் கையிலிருந்த கொப்பியையும் பார்த்தார். "மாமா... நீங்களுமா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாயில் என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? "ஆமாங்க மாப்பிள்ள" என்று சொல்லிவிட்டேன்! அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். அப்புத்தளைக் கடை வேலை போனது இதனால்தானாம். ஆறு வாரமாக ஒளித்து ஒளித்து வருகிறாராம். கொழும்பில் தனியாரிடம் போக வழியில்லை, இதையும் மூடினால் எங்கே போவேன் மாமா என்று என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். நம்பர் கூப்பிடுகிறவர் எங்களை இரண்டுதரம் கூப்பிட வேண்டியதாயிற்று.

ஆகவே பழைய மனுவைக் கிழித்துவிட்டேன். கையெழுத்துத் தாள்கள் வெற்றுத்தாள்கள்தானே. கிளினிக் தொடர வேண்டும், நம் தோட்டத்துக்கும் வர வேண்டும் என்று புதிதாக எழுதி அவற்றோடு பின் அடித்து அனுப்பியிருக்கிறேன். கருப்பம்மாவுக்காகத் தகரத்தைப் பற்றியும் ஒரு வரி உண்டு. அக்கா கேட்டால், வருத்தம் எனக்குத்தான் என்றே சொல்லுங்கள். தோட்டமும் அப்படியே நம்பிக்கொண்டிருப்பதால் மாப்பிள்ளையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், அடுத்த வியாழன் காலையில் போய் எங்கள் இருவருக்கும் நம்பர் எடுத்து வையுங்கள். என்னுடையது முன்னால் இருக்கட்டும். முதல் ஆளாக எழும்பிப் போக அவர் கூச்சப்படுகிறார்.